மால்ம்ஸ்பரி கோயில் பாதி இடிந்தது யாரால்? புயலா, ராஜாவா, துணி வியாபாரியா?

தறிநாடா (கைத்தறி நகர்)

எல்லோருக்கும் வணக்கம். பழைய கட்டட வேலை தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். மகன் இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பக்கம் வேலை பார்க்கிறான். கோடையில் நானும் வீட்டுக்காரியும் போயிருந்தோம். அங்கே மால்ம்ஸ்பரி என்று ஒரு சின்ன ஊர். ஆறு சுற்றி ஓட, ஊர் மேட்டில் இருக்கிறது. மேட்டின் உச்சியில் துறவிகள் மடத்துக்கோயில் ஒன்று.

அதைப் பார்த்ததிலிருந்து மண்டையைக் குடைகிறது. மேற்கே முகப்பில் ஒரு மூலை மட்டும் நிற்கிறது, மற்றது காலி. கிழக்கே போனால் மேலே கூரை இல்லாமல் ஒரு பெரிய வளைவு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற துண்டு மட்டும் கூரையோடு, நாற்காலி போட்டு, ஞாயிறு தவறாமல் ஆராதனை நடக்கிற கோயில். "தலையும் இல்லை, காலும் இல்லை, வயிறு மட்டும் உட்கார்ந்து சாப்பிடுது" என்றாள் வீட்டுக்காரி.

இடித்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். உள்ளே இருந்த ஓர் அம்மா, புயலில் கோபுரம் விழுந்தது என்றார். மகன், எட்டாம் ஹென்றி ராஜா இடித்தார் என்கிறான். அவன் கூட வேலை பார்க்கிறவர், ஒரு துணி வியாபாரி விலைக்கு வாங்கினார், அதோடு கதை முடிந்தது என்கிறார். எது சரி?

இன்னொரு சந்தேகம். உள்ளே தடித்த உருண்டைத் தூண்கள், அவற்றுக்கு மேலே லேசாகக் கூர் வைத்த வளைவுகள். அதற்கு மேல் மாடியில் இருக்கிறவை அரைவட்ட வளைவுகள். அரைவட்டம்தான் பழசு, கூர் வளைவு பின்னால் வந்தது என்று படித்திருக்கிறேன். மேலே பழசும் கீழே புதுசும் எப்படி இருக்க முடியும்? கடைசியாக ஒன்று: கோயிலை ஒட்டித் தனியாக ஒரு கூர்கோபுரம் நிற்கிறதே, அதுதான் பழைய கோபுரத்தின் மிச்சமா?


வைகைக்கரை (செல்லூர்)

மகன் சொன்னதுதான் சரி சார். எட்டாம் ஹென்றி போப்பாண்டவரோடு முறித்துக்கொண்டு 1536இல் தொடங்கி 1540க்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 800 மடங்களை மூடினார். நிலம், வெள்ளி, மணி, கூரையில் இருந்த ஈயம் எல்லாம் கஜானாவுக்குப் போயிற்று. நம்ம மதுரைக் கோட்டைச் சுவரைக் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்துத் தெரு போட்ட மாதிரிதான். அங்கே ராஜா, இங்கே கலெக்டர்.


சுக்கான்கல் (திருநகர்)

வைகைக்கரை தம்பி, கொஞ்சம் பொறு. பிளாக்பர்ன் ஆள் வைத்து இடித்தார். பெருமாள் மேஸ்திரி, மாரட் என்று இடித்தவர்கள் பெயரில் இன்றும் தெரு இருக்கிறது. மால்ம்ஸ்பரி அந்த வகை இல்லை.

தறிநாடா ஐயா, உங்களுக்குச் சொன்ன மூன்று பேருமே ஆளுக்குக் கொஞ்சம் சரி. வரிசைதான் முக்கியம். மகள் பாத் நகரில் இருந்தபோது நானும் அங்கே போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு வேலையிலேயே காலம் தள்ளியவன் என்பதால் எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன், சாமியெல்லாம் அப்புறம்.

முதலில் விழுந்தது நடுவில் இருந்த ஊசிக்கோபுரம். 1500ஐ ஒட்டி, புயலில். உயரம் 431 அடி என்று சொல்லப்படுகிறது. பக்கத்தில் சாலிஸ்பரியில் இன்றும் நிற்கிறதே, அது 404 அடி. நம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் 170 அடியை ஒட்டித்தான். ஆனால் உயரத்தை விடப் பாரம் எதன் மேல் இறங்குகிறது என்று பாருங்கள். நம் கோபுரத்தில் அடி இரண்டு நிலை கல்ஹாரம், அதாவது முழுக்கக் கல் வேலை. வாசலுக்கு இரு பக்கமும் கனத்த கட்டு. அதற்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்பும், போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். பாரம் நேராகக் கீழே வரும்.

அங்கே நீளக் கூடமும் குறுக்குக் கூடமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நாலு தூண், நாலு வளைவு. நாலு பக்கமும் திறந்த வாய். அந்த நாலு வளைவின் தலையில் சதுரக் கோபுரம், அதன் தலையில் ஊசி. காற்று ஊசியைத் தள்ளினால் ஒரு பக்கத்துத் தூண் மட்டும் கூடுதலாக வாங்கும். சாலிஸ்பரியில் அந்தத் தூண்கள் பாரத்தில் வளைந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். நடுவில் முட்டு வளைவு கட்டித்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். லிங்கன் பேராலயத்தின் ஊசி 1548இல் புயலில் போனது. ஆக மால்ம்ஸ்பரி ஒன்றும் அதிசயம் இல்லை. கிழக்கே தனியாக நிற்பதாகச் சொன்னீர்களே, அந்த வளைவு சந்திப்பின் நாலு வளைவில் ஒன்று, வடபக்கத்தது. மேற்குப் பக்கத்து வளைவும் இருக்கிறது, ஆனால் சுவர் வைத்து அடைத்திருப்பதால் கவனித்திருக்க மாட்டீர்கள்.

இதற்குச் சாட்சியும் உண்டு. ஜான் லேலண்ட் என்பவர் 1540களின் தொடக்கத்தில் ஊர் ஊராகப் போய்க் குறிப்பு எழுதினார். மால்ம்ஸ்பரிக்கும் வந்தார். இந்தக் கோயிலுக்கு இரண்டு கோபுரங்கள், நடுவில் இருந்த உயரமானது சனங்களின் நினைவுக்கு எட்டிய காலத்தில் விழுந்தது, திருப்பிக் கட்டவில்லை, மேற்கே இருக்கிற சதுரக் கோபுரம் இன்னும் நிற்கிறது என்று எழுதியிருக்கிறார். அதாவது ராஜாவின் ஆட்கள் வந்து சேருவதற்கு முன்பே கோயிலின் நடு முறிந்து கிடந்தது. மடத்தில் துறவிகள் இருக்கும்போதே எடுத்துக் கட்ட முடியவில்லை.

பிறகு 1539 டிசம்பர். கடைசி மடாதிபதி மடத்தை ராஜாவிடம் ஒப்படைத்துவிட்டார். மொத்த வளாகத்தையும் வாங்கியவர் வில்லியம் ஸ்டம்ப். விலை 1,516 பவுண்டுக்கு மேல். ஆமாம், உங்கள் மகனின் நண்பர் சொன்ன துணி வியாபாரி இவர்தான். ஆனால் அவரை வில்லன் ஆக்காதீர்கள். ஊருக்கென்று இருந்த தூய பவுல் கோயில் அப்போது பாழாகிக் கிடந்தது. மடத்துக்கோயிலின் மேற்குக் கூடமோ நல்ல நிலையில் சும்மா நின்றது. அதை ஊர்க்கோயிலாக மாற்ற முன்னால் நின்றவரும் பணம் போட்டவரும் ஸ்டம்ப்தான் என்று லேலண்ட் எழுதுகிறார். பேராயர் கிரான்மர் 1541 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தார். கிழக்கே துறவிகள் பாடி வழிபட்ட பகுதி ஊருக்குத் தேவைப்படவில்லை. ஆள் இல்லாத இடத்தில் கல் தங்குமா? இன்று அங்கே தரைக்கு மேல் ஒன்றும் இல்லை.

நீங்கள் பார்த்த தனிக் கூர்கோபுரம் அந்தப் பழைய தூய பவுல் கோயிலுடையது. மடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கோயில் போய்விட்டது, கோபுரம் மட்டும் மணி அடிக்க ஆகும் என்று தங்கிவிட்டது.

கடைசியாக, லேலண்ட் பார்த்த மேற்குக் கோபுரம். அது 1550ஐ ஒட்டி விழுந்தது. அப்போது மடமும் இல்லை, துறவியும் இல்லை. அந்த மேற்குக் கூடம் முதலில் ஒன்பது கண், அதாவது தூணுக்குத் தூண் ஒன்பது இடைவெளி. கோபுரம் விழுந்தபோது மேற்கே மூன்று கண் அதோடு போனது. மிச்சம் ஆறு. அந்த ஆறு கண்ணுக்கு இரு முனையிலும் குறுக்குச் சுவர் வைத்து அடைத்துக்கொண்டு ஊர் பிழைத்தது. வீட்டுக்காரம்மா சொன்ன வயிறு இதுதான்.

வளைவு விஷயம். நல்ல கண் உங்களுக்கு. யாரும் பின்னால் மாற்றவில்லை, கீழும் மேலும் ஒரே காலத்து வேலை. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கி 1180 வாக்கில் பெரும்பாலும் முடிந்த கட்டடம் அது. கூர் வளைவு அந்த நாட்டுக்கு அப்போதுதான் வருகிறது. அரைவட்டத்தில் அகலம் இவ்வளவு என்றால் உயரம் அதில் பாதி, அதை மாற்ற முடியாது. கூர் வைத்தால் அகலம் எதுவானாலும் உயரத்தை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கலாம். பக்கவாட்டு உதையும் குறையும். மேஸ்திரி பாரம் அதிகம் வாங்குகிற கீழ்வரிசையில் புது வித்தையைப் போட்டார். மேலே அலங்காரத்துக்குப் பழகிய அரைவட்டத்தையே வைத்துக்கொண்டார். ஒரு பெரிய அரைவட்டம், அதற்குள் நாலு சின்ன வளைவு என்று மாடி முழுவதும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் மேலே இருக்கிற பெரிய ஜன்னல்களும் கல் கூரையும்தான் பின்னால் வந்தவை, 14ஆம் நூற்றாண்டு. கல் கூரை சுவரை வெளியே தள்ளும். அதற்குத்தான் வெளியிலிருந்து தாவி வந்து முட்டுக்கொடுக்கிற கல் வளைவுகள்.

ஒன்றை விட்டுவிட்டேன், எனக்கு அதுதான் பிடித்தது. இடிந்த பக்கத்துச் சுவரில் முகக்கல் உதிர்ந்த இடங்களைக் கிட்டே போய்ப் பார்த்தீர்களா? இரண்டு பக்கமும் இழைத்த கல், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பிய வயிறு. முகக்கல்லைப் பிடுங்கினால் உள்ளே இருப்பது சல்லிதான், மழை ஒவ்வொரு பருவமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதனால் இடிந்த சுவரின் தலையில் சுண்ணாம்புக் கலவையைக் கரடுமுரடாகப் பூசி நீர் வழிய விட்டிருக்கிறார்கள். சிமெண்டு வைத்திருந்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கல்லே பொரிந்து போயிருக்கும். அங்கே கிடைப்பது சுண்ணாம்புக்கல், வெட்டும்போது மெத்தென்று இருந்து காற்றுப் பட்டு இறுகுகிற ரகம். நம்ம ஊர்க் கருங்கல் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க முடிந்ததும் அந்தக் கல்லால்தான், வெளிப்பக்கத்துச் சிற்பங்கள் முகம் கரைந்து நிற்பதும் அந்தக் கல்லால்தான்.


ஆனைமலை அடிவாரம் (ஒத்தக்கடை)

இவ்வளவு சொல்லிவிட்டுப் பறந்த துறவியை விட்டுவிட்டீர்களே அண்ணே. எய்ல்மர் என்று ஒருவர், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கைகால்களில் இறக்கை கட்டிக்கொண்டு அந்த மடத்துக் கோபுரத்திலிருந்து குதித்தார். 200 மீட்டர் போனார். இரண்டு காலும் முறிந்தது. வால் வைக்காமல் விட்டதுதான் தப்பு என்று தானே சொன்னாராம். இதை எழுதி வைத்தவர் அதே மடத்துத் துறவி, மால்ம்ஸ்பரி வில்லியம், 12ஆம் நூற்றாண்டின் பெரிய வரலாற்றாசிரியர். எய்ல்மர் குதித்தது இப்போது நிற்கிற கட்டடத்திலிருந்து இல்லை, அதற்கு முந்தையதிலிருந்து. உள்ளே ஒரு கண்ணாடி ஜன்னலில் இறக்கையைக் கையில் பிடித்தபடி நிற்பார்.

இன்னொன்று, கோயில் கல்லறைத் தோட்டத்தில் ஹன்னா ட்வின்னாய் என்ற பெண்ணின் கல். 1703இல் புலி அடித்துச் செத்தவர். இங்கிலாந்தில் ஏது புலி என்றால், ஊர் ஊராக மிருகங்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிற கூட்டம் ஒன்று அங்கே ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தது. இவர் அந்தச் சத்திரத்து வேலைக்காரி. வயது 33. நம்ம ஊரில் புலி ஆளை அடித்தால் வெறும் செய்தி. அங்கே போய் அடித்ததால் கவிதை எழுதிக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.


தறிநாடா (கைத்தறி நகர்)

சுக்கான்கல் ஐயாவுக்கு ரொம்ப நன்றி. குறிப்பு எழுதியவர் அந்தத் துணி வியாபாரியைப் பற்றி வேறு ஏதாவது சொல்லியிருக்கிறாரா? மடத்தை வாங்கி அவர் என்ன செய்தார்? நாங்கள் பரம்பரையாகத் தறிக்காரர்கள், அதனால் கேட்கிறேன்.


சுக்கான்கல் (திருநகர்)

அதைச் சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். மடத்துக் கட்டடங்களின் மூலை முடுக்கெல்லாம் தறி போட்டு நிரப்பியிருக்கிறது என்று லேலண்ட் எழுதுகிறார். குறுக்குக் கூடத்தின் தென்பக்கத்தை ஒட்டி ஒரு சின்னக் கோயில் இருந்தது, அதற்குள்ளும் தறி. வளாகத்தின் பின்பக்கக் காலி இடத்தில் நெசவாளர்களுக்கென்று ஒன்றிரண்டு தெரு போடவும் ஸ்டம்ப்புக்குத் திட்டம் இருந்தது. ஊரில் ஆண்டுக்கு 3,000 துணி நெய்கிறார்கள் என்றும் சொல்கிறார். தனக்கு ஒரு வீடும் கட்டிக்கொண்டார், மடத்தின் பழைய நிலவறை ஒன்றை அடித்தளமாக வைத்து. அந்த வீடு கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.


தறிநாடா (கைத்தறி நகர்)

அருமை. கம்பளித் துணி என்றால் அகலத்தறி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து நாடாவை, அதாவது ஊடை நூல் ஓட்டுகிற கட்டையை, ஒருவருக்கொருவர் எறிய வேண்டும். அதற்கு நீளமான, தூண் குறுக்கிடாத, வெளிச்சம் விழுகிற கூடம் வேண்டும். துறவிகள் தூங்கிய கூடமும் சாப்பிட்ட கூடமும் அதற்கென்றே கட்டின மாதிரி இருந்திருக்கும். நெய்த கம்பளியைத் தண்ணீரில் போட்டு இடித்து இறுக்கவும் வேண்டும், அதற்கு ஆறும் கீழேயே ஓடுகிறது. இடம் பார்த்து வாங்கியிருக்கிறார் மனுஷன்.

எங்கள் ஆட்கள் நாயக்கர் மகாலைச் சுற்றித்தான் முதலில் குடியிருந்தார்கள். தாத்தா வீட்டில் குழித்தறி. மழைக்காலத்தில் குழிக்குள் ஊற்று வந்துவிட்டால் வேலை நின்றுவிடும். கல் தளம் போட்ட கூடத்தில் தறி போடக் கொடுத்திருந்தால் தாத்தா அந்த ராஜாவைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.


வைகைக்கரை (செல்லூர்)

எல்லாம் சரி, ஒரு கேள்வி. பணக்கார நாடு. ஏன் திருப்பிக் கட்டவில்லை? நம்ம ஊராக இருந்தால் திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்தியிருப்போம். மீனாட்சி கோயில் வீரவசந்தராயர் மண்டபம் 2018இல் தீயில் வெந்து விழுந்தது. அதை அப்படியே விட்டுவைக்கச் சொல்வீர்களா?


சுக்கான்கல் (திருநகர்)

வீரவசந்தராயர் மண்டபத்தை விட்டுவைக்கச் சொல்ல மாட்டேன் தம்பி. அது புழங்குகிற கோயிலுக்குப் போகிற வழி. தூண் எப்படி இருந்தது என்று படம் இருக்கிறது, அளவு இருக்கிறது, பக்கத்திலேயே அதே வேலைப்பாட்டில் மண்டபங்கள் நிற்கின்றன, செதுக்கத் தெரிந்த சிற்பி நம்மிடம் இருக்கிறார். அதைத் திருப்பி வைப்பது நியாயம்.

மால்ம்ஸ்பரியில் கிழக்குப் பகுதியைக் கட்டுவதென்றால் யாருக்காகக் கட்டுவது? துறவிகள் போய் ஐந்நூறு வருஷம் ஆகப் போகிறது. ஊர் சின்னது, ஆறு கண் கூடமே அதிகம். அந்த ஊசிக்கோபுரத்தைப் பார்த்து வரைந்த படமும் கிடையாது. கட்டினால் நம் கற்பனையில்தான் கட்ட வேண்டும்.

நம்ம ஊரிலும் திருப்பிக் கட்டாமல் விட்டது உண்டே, மறந்துவிட்டாயா? நாயக்கர் மகால் 1636இல் கட்டியது. இன்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்ப்பது நாலில் ஒரு பங்கு. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது பிரித்துக்கொண்டு போனது பெரும்பகுதி. மிச்சம் தங்கியது எதனால்? அதில் பின்னால் ஜில்லா கோர்ட்டும் ஆபீசுகளும் நடந்தன. நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்தபோது செலவு செய்து பழுது பார்க்க வைத்தார். ஸ்டம்ப் இல்லாவிட்டால் அந்தக் கோயில் இல்லை, கோர்ட் இல்லாவிட்டால் இந்த மகால் இல்லை. அதே அரண்மனையைச் சேர்ந்த பத்துத் தூணைப் போய்ப் பார். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைச் சந்துக்குள், கூரையில்லாமல், எதையும் தாங்காமல் பத்துத் தூண் வரிசையாக நிற்கிறது. அதன் தலையில் யாராவது கூரை போட வந்தால் நானே மறியல் பண்ணுவேன். அந்தத் தூணின் கனத்தைப் பார்த்தால்தான் மகால் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று உனக்குப் புரியும்.

மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே இருக்கிற ராயகோபுரத்தை எடுத்துக்கொள். திருமலை நாயக்கர் தொடங்கி, நிலைக்கால் மட்டும் எழுந்து நின்றுபோனது. அதை முடித்துவிடலாம் என்று அவ்வப்போது ஒரு பேச்சு கிளம்பும். என் கருத்து வேண்டாம் என்பதுதான். சுற்றியுள்ள கடைகளையும் தட்டிகளையும் கொஞ்சம் விலக்கி, அந்த நிலைக்காலின் அடியில் இருக்கிற சிற்பத்தை நின்று பார்க்க இடம் விட்டால் போதும்.


வைகைக்கரை (செல்லூர்)

ராயகோபுரத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். தொடங்கினதை முடிப்பது வேறு, இடிந்ததைக் கட்டுவது வேறு. அதைத் தனித் திரியில் பேசுவோம், இங்கே தறிநாடா சார் கேள்வி அடிபட்டுப்போகும்.


தறிநாடா (கைத்தறி நகர்)

பேசுங்கள், நான் படிக்கிறேன். மகன் குடும்பத்தோடு மறுபடியும் அங்கே போகப் போகிறானாம். நாங்கள் அவசரத்தில் விட்டது எதையாவது பார்க்கச் சொல்ல வேண்டுமா?


சுக்கான்கல் (திருநகர்)

தென்வாசல் மண்டபம். நீங்கள் அதன் வழியாகத்தான் உள்ளே போயிருப்பீர்கள், நின்று பார்த்தீர்களா தெரியவில்லை. வெளிவளைவு அடுக்கடுக்காக உள்ளே குறுகும். அதில் வேதாகமக் கதைகளைச் சின்னச் சின்ன வட்டங்களுக்குள் செதுக்கியிருக்கிறார்கள், கரைந்து போனாலும் பொறுமையாகப் பார்த்தால் தெரியும். உள்ளே நுழைந்ததும் இரு பக்கச் சுவரையும் பாருங்கள். பக்கத்துக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் தலைக்கு மேல் ஒரு தேவதூதர் படுத்த வாக்கில் பறப்பார். மழை படாத இடம் என்பதால் துணி மடிப்பெல்லாம் 12ஆம் நூற்றாண்டில் உளி விட்டபடியே இருக்கிறது. மடிப்பு விழுகிற விதத்தைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை பார்க்காமல் வரக் கூடாது.

அப்புறம் உள்ளே, தென்பக்கத்து மாடி வளைவு ஒன்றிலிருந்து கல் பெட்டி ஒன்று சுவரை விட்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏதெல்ஸ்தான் ராஜாவின் கல்லறை என்று ஒன்று காட்டுவார்கள். இங்கிலாந்து முழுவதையும் ஆண்ட முதல் ராஜா அவர்தான். 939இல் இறந்து அந்த மடத்தில் அடக்கமானது உண்மை. ஆனால் அந்தக் கல்லறை 15ஆம் நூற்றாண்டில் செய்தது, உள்ளே ஒன்றும் கிடையாது. பேரப்பிள்ளை இருந்தால் புலிக் கல்லுக்கு முதலில் கூட்டிப்போகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தூண், வளைவு எதையும் பார்க்க விடாது.